மூன்றாவது தட்டு

பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிற்கும். இரண்டு தட்டினால் போகும். மூன்று என்று ஒன்று கிடையாது. அன்று காலை நான் மூன்று தட்டினேன். அதனால்தான் பிழைத்தேன்.

நான் நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எட்டு வருடமாக. அதற்கு முன்னால் செய்யாத வேலை இல்லை. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். புத்தளத்தில் உப்பு வாரினேன். வவுனியாவில் அரிசி மூட்டை தூக்கினேன். கட்டாரில் வெயிலில் நின்று கம்பி கட்டினேன். எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. கண்டக்டர் வேலையில் மட்டும் தரித்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அலைவதற்கே சம்பளம் தருகிறார்கள்.

டிரைவர் பண்டா சிங்களவர். என்னை விடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'பண்டா அய்யே' என்பேன், அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னை 'மல்லி' என்பார், தம்பி. எட்டு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதை விடத் தட்டிக்கொண்டது அதிகம். பின்வாசலில் வயதானவர் ஏறினால் என் இரண்டு தட்டுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் நீளும், அவரும் மெதுவாக எடுப்பார். பின்னால் போட்டி பஸ் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு விழும், அவரும் மிதிப்பார். நான் எதையும் விளக்கியதில்லை, அவரும் கேட்டதில்லை.

அன்று நானுஓயா தாண்டி ரதல்லை இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். தேயிலைக் கொழுந்துப் பையோடு நின்ற ஒரு அம்மாவிடம் "எங்க எறங்குறீங்க?" என்று கேட்டேன். கேட்டதாகத்தான் நினைத்தேன். என் வாயிலிருந்து வேறு என்னவோ வந்தது.

"காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்திருக்கான் பாரு" என்றார் அந்த அம்மா, பக்கத்திலிருந்தவரிடம்.

நான் சிரித்தேன். வாயின் ஒரு பாதிதான் சிரித்தது. மேல் கம்பியைப் பிடித்திருந்த வலது கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. யாரோ இறங்க வேண்டுமென்று சொன்னார்கள். இடது கையால் கூரைத் தகரத்தில் தட்டினேன். ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு எப்போதோ மூன்றாவது.

வண்டி நின்றது. பண்டா அய்யே எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அவர் பாதி வழியில் சீட்டை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"குடிச்சிருக்கான்யா. எறக்கி விட்டுட்டு நீ ஓட்டு" என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

"இல்ல, இல்ல" என்றார் அவர், அவருடைய தமிழில். "இவன் குடிச்ச நாள் எனக்குத் தெரியுந்தானே. குடிச்சாலும் ரெண்டுதான் தட்டுறது. மூணு தட்டுறது இல்ல."

அத்தனை பயணிகளோடும் வண்டியைத் திருப்பி, மறுபடி நுவரெலியாவுக்கு மேலே ஏற்றினார். முதலில் திட்டிய அந்த அம்மாதான் வழி முழுக்க என் தலையை மடியில் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு வளையத்துக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். சீட்டி ஸ்கேன் என்றார்கள். மண்டைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தப் படம். இரண்டுக்கும் ஒரே பெயர் பாரிசவாதம், ஆனால் ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதற்கு விஷம். எனக்கு அடைப்பு. சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டதால் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடிந்தது. இன்னும் தாமதித்திருந்தால் அந்த ஊசிக்கு வேலை இருந்திருக்காது என்று டொக்டர் பிறகு சொன்னார். பண்டா அய்யே காதால் என் நோயைக் கண்டுபிடித்தார் என்று நான் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பத்து மணி வாக்கில் முத்துலெச்சுமி வந்து சேர்ந்தாள். என் சம்சாரம். கொழுந்து எடுக்கிற மலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். காலில் சேறு, இடுப்பில் செடி கிழிக்காமல் கட்டுகிற படங்குச் சாக்கு, தலையில் துண்டு. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?"

தெரிந்தது. அவள் முகம், அவள் பெயர், அவள் அப்பா பெயர் எல்லாம் தெரிந்தது. அழாதே, எனக்கொன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"கொட்டகல" என்றேன்.

அவள் திகைத்துப் போனாள். நானும்தான். மறுபடி முயன்றேன். "கொட்டகல. கொட்டகல."

கொட்டகலை எங்கள் வழியில் ஹட்டனுக்கு முன்னால் வருகிற ஊர். எனக்கு அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையைத் தவிர வேறு தொடர்பு கிடையாது. ஆனால் நான்கு நாள் என் வாயில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் கொட்டகல. கால் மரத்துப்போனால் கொட்டகல. டொக்டர் என் பெயரைக் கேட்டால் கொட்டகல. உள்ளே எல்லாச் சொல்லும் முழுசாக நின்றது, வாசலில் மட்டும் அந்த ஒரே ஆள் மறித்துக்கொண்டு நின்றான்.

பக்கத்துக் கட்டிலில் சவரிமுத்து அண்ணன் இருந்தார். வட்டவளைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சீனி வியாதியில் காலில் புண். வாயில் மட்டும் ஒரு வியாதியும் இல்லை.

"தங்கச்சி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத" என்றார் முத்துலெச்சுமியிடம். "ஊர் ஊரா திரியிற மனுசன். கொட்டகலைல யாரும் இருக்காங்களான்னு ஒரு எட்டு விசாரிச்சுப் பாரு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கொண்டுவந்த கஞ்சியை ஊட்டினாள், வாயைத் துடைத்தாள். புறப்படும்போதுதான் கேட்டாள்.

"கொட்டகலைல யாருங்க இருக்கா?"

அதற்கு என்னிடம் இருந்த பதில் ஒன்றே ஒன்று. அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். அதுவும் தப்பாகப் போயிற்று.

எனக்குப் பயம் வந்தது அன்றுதான். செத்துப்போவேனோ என்று பயமில்லை. அலைந்த இடங்களில் சாவைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். வாய் போன கண்டக்டர் எதற்கு உதவுவான்? பஸ் முதலாளி இரண்டாம் நாள் வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஒளித்துப் பேச மாட்டார். "சித்திரை வருசத்துக்கு முந்தி வாய் வந்திருச்சுன்னா ஒன் எடம் ஒனக்கு. வரலைன்னா நான் வேற ஆளு போடணும். வெளங்குதா?" என்றார். விளங்கியது. அவர் சொன்னது மாசி மாதத்தில். தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரே சொல்லோடு மிச்ச வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

நான்காம் நாள் நிலூஷா மிஸ் வந்தார். பேச்சுச் சிகிச்சை கொடுப்பவர். சிங்களப் பெண், முப்பது வயது இருக்கும், குருநாகல் பக்கம். அவருக்குத் தமிழ் கால்வாசிதான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் அதுவும் தமிழோடு சேர்ந்து அடைபட்டுக் கிடந்தது. தமிழ்ப் பேச்சைச் சரிபார்க்கத் தனக்குத் தகுதி போதாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். தமிழ் தெரிந்த தாதி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி, என் வாயை எப்படி அசைக்க வேண்டுமென்று தான் முதலில் வீட்டில் பழகிக்கொண்டு வந்தார். மற்றவர் மொழியைத் திருப்பித் தருவதற்காக அதைத் தானே கற்றுக்கொள்கிற ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

படம் காட்டினார். குடை, பூனை, மரம். மூன்றும் கொட்டகலையாகத்தான் வந்தது. பிறகு மேசையில் விரலால் மெதுவாகத் தட்டி, என்னையும் கூடத் தட்டச் சொன்னார். டக், டக், டக், டக். எட்டு வருடம் தகரம் தட்டிய கை. நான்காவது தட்டில் பிந்தியது, ஆறாவதில் முந்தியது, பிறகு எங்கோ போய்விட்டது. பேச்சு வராததை விட அது என்னை வெட்கப்படுத்தியது.

"இதெல்லாம் ஒரு வைத்தியமா மிஸ்? தட்டுறதுக்கு மேளக்காரரக் கூப்புட்டா போதாதா?" என்றார் சவரிமுத்து அண்ணன்.

நிலூஷா மிஸ் கோபிக்கவில்லை. தாதியின் உதவியோடு விளக்கினார். நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். காது சத்தத்தை வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதை அறுத்துப் பிரிப்பது மூளை. 'பல்'லுக்கும் 'கல்'லுக்கும் உள்ள வித்தியாசம் கண் இமைக்கிற நேரம் கூட இல்லை. ஒரு சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று மூளை அந்த நொடிக்குள் பிடித்தாக வேண்டும். தாளத்தைப் பிடிப்பதற்கும் அதே கூர்மைதான் வேண்டும், அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே காத்திருக்க வேண்டும். அதனால்தான் தாளம் சரியாகத் தட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பேச்சுச் சத்தத்தைப் பிரிப்பதும் நன்றாக வருகிறதாம். தாளத்தில் தடுமாறும் பிள்ளைகளில் பலர் எழுத்துக் கூட்டி வாசிப்பதிலும் தடுமாறுகிறார்களாம். எல்லோரும் அப்படி என்றில்லை, ஏன் என்பதும் முழுதாகத் தெரியாது என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் மற்றதை நம்பினேன்.

"பேச்சுக்கு ஒரு வழி அடைச்சிருக்கு. தாளம் வேற வழியாலயும் வரும். அந்த வழியில கூட்டிட்டு வந்து பாப்போம் ஐயா" என்றார்.

வழியைக் காட்டியது ஒரு தவறு. மறுநாள் என்னை மறுபடி படம் எடுக்கக் கொண்டுபோகத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். தள்ளுகிறவர் லிந்துலைக்காரர், தினமும் எங்கள் பஸ்ஸில் வருகிறவர். நான் சரியாகப் படுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் இடது கையால் வண்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். டட், டட். மனிதர் யோசிக்கவே இல்லை, தள்ளிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். சேலைன் கம்பி கட்டிலருகே நின்றுவிட்டது, குழாய் இழுபட்டது. "ஏய், ஏய், நிப்பாட்டு!" என்று தாதி கத்தினார். நான் உடனே ஒன்று தட்டினேன். நின்றுவிட்டார்.

வார்டே சிரித்தது. வாசலில் நின்று பார்த்த நிலூஷா மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. முத்துலெச்சுமியிடம் வந்தார்.

"அது என்ன அம்மா? ஒண்ணு, ரெண்டு?"

"அது பஸ் தட்டுறது மிஸ். ஒண்ணு தட்டுனா நிக்கும், ரெண்டு தட்டுனா போகும். வீட்லயும் அப்புடித்தான். சோறு போடச் சொல்லி தட்டுவாரு, போதும்னு தட்டுவாரு. வாயத் தொறந்து பேசுனது கொறைவுதான்."

படம் எடுத்துத் திரும்பிய பிறகு மிஸ் என்னை நிமிர்த்தி உட்காரவைத்தார். கட்டிலருகே இருந்த இரும்பு அலமாரியில் தன் கையாலேயே இரண்டு தட்டுத் தட்டினார். டட், டட். அளவாக, ஒரு பஸ் புறப்படுகிற மாதிரி.

என் வாய் திறந்தது.

"நானுஓயா ரதல்ல லிந்துல தலவாக்கல பத்தனை கொட்டகல ஹட்டன் ஹட்டன் ஹட்டன்!"

ஒரு இடமும் தவறவில்லை. கடைசிக் கட்டிலிலிருந்து யாரோ "ஹட்டனுக்கு ஒரு டிக்கட்!" என்றார். சவரிமுத்து அண்ணன் கைதட்டினார். "அடடா தங்கச்சி, கொட்டகல வழியில கெடக்குற ஊரும்மா. நான்தான் அநியாயமா வாயக் குடுத்துட்டேன்" என்றார்.

முத்துலெச்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எல்லா ஊரும் வருது. நான் மட்டும் வர மாட்டேங்குறேன்."

"ஐயா, அம்மா பேர் சொல்லுங்க" என்றார் மிஸ்.

முயன்றேன். வரவில்லை.

"விடுங்க மிஸ்" என்றாள் அவள். "கல்யாணம் கட்டி இருவத்திரெண்டு வருசமாச்சு. வாய் நல்லா இருந்தப்பவே ஒருநாளும் பேரச் சொன்னதில்ல. 'இந்தா', 'ஏ புள்ள', அவ்வளவுதான். இப்பவா வரப்போவுது?"

உண்மைதான். வழியிலுள்ள ஊர்களை ஆயிரக்கணக்கான முறை கூவியிருக்கிறேன், அதனால் அவை தானாக உருண்டு வந்தன. அவள் பெயரை என் வாய் ஒரு முறையும் பழகியதில்லை.

அதற்குப் பிறகு வேலை தொடங்கியது. பழகிய கூவல் தானாக வருவது பேச்சு ஆகாது, அந்தத் தாளத்துக்குள் புதுச் சொல்லை ஏற்ற வேண்டும் என்றார் மிஸ். ஊர் இருந்த இடத்தில் வேறு சொல்லை வைத்தோம். இடது கை தொடையில் தட்டும், தட்டுக்கு ஒரு துண்டு. தண்-ணி வே-ணும். கால் வலிக்-கிது. முதல் வாரம் பத்துக்கு ஒன்று வந்தது. ஒருநாள் 'சீனி' என்று சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்து, கடைசியில் கோப்பையைத் தூக்கி எறிந்தேன். நிலூஷா மிஸ் கோப்பையைப் பொறுக்கி மேசையில் வைத்து, மறுபடி தட்டத் தொடங்கினார். கோபத்திலும் நான் அவர் தாளத்துக்குத்தான் மூச்சு விட்டேன் என்று பிறகு தாதி சொல்லித் தெரிந்தது.

முத்துலெச்சுமி காலையில் கொழுந்து எடுத்து, மதிய நிறுவை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி வருவாள். தினமும் வந்தாள். எனக்கென்று ஒரு டப்பாவில் கீரை, ஒன்றில் ரசம். சவரிமுத்து அண்ணனுக்கு உப்பில்லாமல் தனியாக ஒன்று. சந்தேகப்பட்டதைப் பற்றி அவள் பேசவில்லை, சந்தேகம் தீர்ந்ததா என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு ஒருமுறை கிளினிக். அங்கே வெளியே போட்டிருக்கிற நீள வாங்கில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு சின்னப் பெண்ணும் தாயும் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைக்கு எழுத்துப் பிரியவில்லை. அவளையும் மிஸ் தட்டவைப்பார். ஒருநாள் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் தட்டினோம். அவள் என்னை விட மோசம். அடுத்த வாரம் நான் அவளை விட மோசம்.

லயத்தில் முத்துலெச்சுமிதான் மிஸ். மாலையில் ரொட்டி தட்டும்போது என்னை எதிரே உட்காரவைப்பாள். அவள் உள்ளங்கையில் மாவு விழுகிற ஒவ்வொரு அடிக்கும் நான் ஒரு துண்டு சொல்ல வேண்டும். சொல் வராவிட்டால் அடுத்த ரொட்டி கல்லில் விழாது.

"பசிக்குதா? அப்ப சொல்லுங்க. தேங்-கா ரொட்-டி."

"தேங்... தேங்..."

"தேங்கியே நிக்காதீங்க. பின்னால வேற பஸ் வருது."

பங்குனி நடுவில் வாக்கியங்கள் வரத் தொடங்கின. வலது கை பாதி திரும்பியது. தொடையில் தட்டாமல் பேச முடியாது, தட்டினால் பேசலாம். அவள் பெயரை மட்டும் அவள் கேட்கவில்லை. நானும் அவள் முன்னால் முயலவில்லை. அவள் மலைக்குப் போன பிறகு, விறகு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டினேன். முத்-து-லெச்-சு-மி. ஐந்து தட்டு. நடுவில் 'லெச்' வழுக்கும். மறுபடி முதலிலிருந்து.

வருடப் பிறப்புக்கு முந்தின ஞாயிறு முதலாளி நுவரெலியா பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொன்னார். ஒரு ஓட்டம் பார்ப்போம், ஹட்டன் வரைக்கும் தடுமாறாமல் போனால் இடம் உனக்கு என்றார். முத்துலெச்சுமியும் கூட வந்தாள், தலவாக்கலையில் இறங்கி வீட்டுக்குப் போவதாக. முன்சீட்டில், பண்டா அய்யேக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதலாளி நடுவில்.

கூவல் வந்தது. அது வருமென்று தெரியும். பயணிகள் கேட்கிற கேள்விதான் பயம். ரதல்லையில் ஏறிய ஒருவர், "தம்பி, தேயிலை பெக்டரிக்குப் போகணும். பத்தனைல எறங்கி நடந்தா கிட்டவா, கொட்டகல போய் திரும்பி வந்தா கிட்டவா?" என்றார். இது யாரும் பழக்காத கேள்வி. முதலாளி திரும்பிப் பார்த்தார். தொடையில் தட்டினேன். ஒன்று, இரண்டு. "பத்தனைல எறங்குங்க. நட தூரந்தான்" என்றேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். அவருக்கு அதில் ஒன்றுமில்லை.

தலவாக்கலை வந்தது. ஒன்று தட்டினேன், நின்றது. பாதிப் பேர் இறங்கினார்கள். முத்துலெச்சுமி அசையவில்லை.

"வீட்டுக்குப் போவலையா?" என்றேன்.

"கொட்டகல வரைக்கும் வாரேன். அங்க யாரு இருக்கான்னு பாத்துட்டுத்தான் போவேன்."

பண்டா அய்யேக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணாடியில் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. இரண்டு தட்டினேன். பத்தனை கடந்தது. வளைவு திரும்பியதும் கொட்டகலைக் கடைத்தெரு வந்தது. ஒன்று தட்டினேன். வண்டி நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் நான் ஊர்ப் பெயரைக் கத்த வேண்டும். என் இடது கை தகரத்தில் இருந்தது. விரல் நுனியால் மெதுவாக, அய்யேக்குக் கேட்காமல், ஐந்து தட்டுத் தட்டிக்கொண்டேன்.

"முத்துலெச்சுமி!" என்றேன், கூவுகிற சத்தத்தில். "கொட்டகல வந்திருச்சு. எறங்கிப் பாரு!"

பஸ்ஸில் எல்லாத் தலையும் திரும்பியது. அவள் திரும்பவில்லை. முந்தானை நுனியால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் வழியே தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருமில்ல" என்றாள். "வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

இரண்டு தட்டினேன்.